அழித்த பிறகும் போகாத மென்பொருள்

வீட்டில் ஒரு கொம்பியூட்டர் இருந்தால் அதைத் திருத்துற பொறுப்பு எங்கட தலையிலதான். ஆர்ட்ஸ் படிக்கிறோம் எண்டு சொன்னாலும் விடமாட்டினம். 'கம்பசில படிக்கிறனீதானே, ஒருக்கா வந்து பார்' எண்டு மாமா கூப்பிடுவார். போய்ப் பார்த்தால், தேவையில்லாத ஏதோ ஒரு மென்பொருளை அவரே நீக்கியிருப்பார். அதற்குப் பிறகு, ஓன் பண்ணுற ஒவ்வொரு முறையும் 'குறித்த கோப்பைக் காணவில்லை' என்று ஒரு பிழைச்செய்தி.

காரணம் சின்னது. மென்பொருளின் கோப்புகள் போய்விட்டன. ஆனால் 'விண்டோஸ் தொடங்கும்போது என்னையும் தொடங்கு' என்று அது ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்த வரி அப்படியே கிடக்கிறது. விண்டோஸ் அந்த வரியை வாசித்து, ஆளைத் தேடி, காணாமல் முறையிடுகிறது. வரியை அழித்தால் செய்தியும் போய்விடும்.

இந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். விண்டோஸ் 3.1 காலத்தில் ஒரு மென்பொருளை முழுதாக நீக்க, அது எங்கெங்கே என்னென்ன வைத்தது என்று ஆட்களே தேடவேண்டும். 1995 இல் வந்த விண்டோஸ் 95, மென்பொருட்களைச் சேர்க்கவும் நீக்கவும் ஒரே இடத்தில் ஒரு பட்டியலைத் தந்தது. வசதிதான். ஆனால் அந்தப் பட்டியலில் 'நீக்கு' என்று அழுத்தினால், பெரும்பாலும் அந்த மென்பொருளோடு வந்த நீக்கிதான் ஓடும். வீட்டை விட்டுப் போகச்சொல்லி, சாமான் எல்லாம் எடுத்தாச்சா எண்டு பார்க்கிற வேலையையும் போறவரிட்டையே குடுத்தமாதிரி.

நேர்மையான மென்பொருளுக்கு இது போதும். 2000 களின் தொடக்கத்தில், இலவசமாகப் பாட்டு இறக்கத் தந்த கசாவோடு கேட்டர் போன்ற விளம்பர மென்பொருட்களும் சேர்ந்தே வந்தன. இருந்தால் காசு, போனால் நட்டம் என்பவர்களுக்கு ஒழுங்காகப் போக என்ன அவசரம்? வின்ஃபிக்சர் இன்னும் ஒருபடி மேலே போனது. இல்லாத பிழைகளை இருப்பதாகக் காட்டிப் பயப்படுத்தி, அதைத் திருத்தக் காசு கேட்டது. இப்படிப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரை ஏமாற்றியதாக 2008 இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு அதன் பின்னால் இருந்தவர்கள்மீது வழக்குப் போட்டது.

இவர்கள் எல்லாம் சில்லறை ஆட்கள் என்று நினைத்தால், 2005 ஐப் பார்க்கவேண்டும். அந்த ஒக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற நிரலாளர், தன்னுடைய கணினியில் ஒளிந்திருந்த ஒரு மென்பொருளைப் பற்றி எழுதினார். அது வந்தது சோனி பிஎம்ஜி வெளியிட்ட பாட்டு சீடி ஒன்றிலிருந்து. கடையில் காசு குடுத்து வாங்கின ஒரிஜினல் சீடி! பிரதி எடுப்பதைத் தடுக்கப் போட்ட அந்த மென்பொருள், குறித்த ஒரு முன்னொட்டோடு பெயர் தொடங்கும் எல்லாக் கோப்புகளையும் கண்ணில் படாமல் மறைத்தது. அதற்கு நீக்கியே இல்லை. அவர் கையால் அழித்தபோது சீடி டிரைவே காணாமல் போனது. சில நாட்களிலேயே வைரஸ் எழுதுபவர்கள் அதே முன்னொட்டைப் பாவித்து ஒளியத் தொடங்கினார்கள். எதிர்ப்பு வந்தபிறகு சோனி ஒரு நீக்கியைத் தந்தது. அந்த நீக்கி விட்டுப்போன ஓட்டை வழியாக எந்த இணையத்தளமும் கணினிக்குள் நுழையலாம் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. களவாகப் பாட்டை இறக்கினவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நியாயமாக வாங்கினவன்தான் மாட்டுப்பட்டான்.

சோனி அந்த சீடிகளைத் திரும்பப் பெற்றது. 2007 ஜனவரியில் அமெரிக்க ஆணைக்குழுவுடன் செய்த உடன்பாட்டின்படி, மென்பொருளை நீக்க முயன்று கணினியைப் பழுதாக்கிக்கொண்டவர்களுக்கு 150 டொலர் வரை தரவும் சம்மதித்தது. எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். அதுவரை, பழுதானால் 'நீ ஏன் அதைத் தொட்டாய்?' என்பதுதான் கேள்வி. இங்கே கேள்வி திரும்பியது: போகமுடியாத மாதிரி ஒன்றை ஏன் வைத்தாய்?

அதனால்தான் மாமாவுக்கு நாங்கள் இப்போது பேசுவதில்லை. அவர் தன்னுடைய கணினியிலிருந்து தனக்கு வேண்டாததை நீக்கியிருக்கிறார். அது அவருடைய உரிமை. மிச்சம் வைத்தது மென்பொருள் எழுதினவன்ர பிழை. நாங்கள் ஓட்டோரன்ஸ் என்ற இலவசக் கருவியைத் திறக்கிறோம். தொடக்கத்தில் ஓடும் எல்லாவற்றையும் அது வரிசையாகக் காட்டும். கோப்பு இல்லாத வரிகள் தனியாகத் தெரியும். முதலில் அந்த வரியின் டிக்கை மட்டும் எடுத்துவிட்டு, கணினியை ஒருமுறை மீளத் தொடக்கிப் பார்க்கிறோம். செய்தி வராவிட்டால் அழிக்கிறோம்.

அந்தக் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவர், அதே ருசினோவிச்.