சித்தப்பாவின் இன்பாக்ஸ்: ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன வரலாறு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா கட்டுமாவடி. புதுக்கோட்டை மாவட்டத்தோட கடலோரத்துல, ஈசிஆர் ரோட்டுல இருக்கு. அந்தப் பக்கம் போயிருந்தீங்கன்னா அங்க இருக்கிற மீன் மார்க்கெட் ஞாபகம் இருக்கும்.

போகிக்கு முந்தின நாள். பெரியம்மா பரண்ல இருந்த பழைய சாமானை எல்லாம் இறக்கிட்டு இருந்தாங்க. அதுல ஒரு கம்ப்யூட்டர். 2003ல வாங்கினது, விண்டோஸ் எக்ஸ்பி. 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ ஓடு பறந்து வீட்டுக்குள்ள மழை கொட்டுச்சு. அப்போ சாக்குல சுத்திப் பரண்ல ஏத்தினது, அதுக்கப்புறம் யாரும் தொடல. "தம்பி, இத காயலான் கடைக்குப் போட்டுரலாமா? நீதான் கம்ப்யூட்டர்காரன், பாத்துச் சொல்லு"ன்னாங்க.

நான் யோசிக்கவே இல்ல. "போடலாம் பெரியம்மா. ஹார்டு டிஸ்க்க மட்டும் ஃபார்மட் பண்ணிட்டுக் குடுத்துருவோம், நம்ம விவரம் எதுவும் வெளிய போகக்கூடாதுல்ல"ன்னேன். தகவல் பாதுகாப்பு பத்தி ஒரு சின்ன லெக்சர் வேற குடுத்தேன். திண்ணையில உக்காந்திருந்த பெரியப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க சித்தப்பா சிங்கப்பூர்லேர்ந்து போட்ட லெட்டர்லாம் அதுலதானப்பா இருக்கு?"

சித்தப்பா 2009ல சிங்கப்பூர்லயே இறந்துட்டார். அவர் வெச்சிருந்த இலவச மெயில் அக்கவுன்ட் எப்பவோ அழிஞ்சுபோச்சு. அப்படின்னா இந்த டப்பாவுல இருக்கிறதுதான் ஒரே காப்பி. நான் ரெண்டு நிமிஷத்துல அதையும் அழிச்சிருப்பேன்.

ஒரு மெயிலுக்கு எப்படி "ஒரே காப்பி"ன்னு ஒன்னு இருக்க முடியும்? ஜிமெயில்லயே வளர்ந்த நமக்கு இது விசித்திரமா இருக்கும். அதனால இன்னைக்கு எபிசோடுல கொஞ்சம் பின்னாடி போவோம்.

தபால் பெட்டியும் வீட்டு அலமாரியும்

மின்னஞ்சல் முகவரியில @ குறியை 1971ல் முதன்முதலில் பயன்படுத்தியவர் ரே டாம்லின்சன். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. விஎஸ்என்எல் நிறுவனம் சென்னை உட்பட பெருநகரங்களில் அதைத் தொடங்கியது. டயல்-அப் காலம் அது. போன் லைன் வழியா கனெக்ட் ஆகணும், எத்தனை நிமிஷம் இருக்கீங்களோ அத்தனைக்கும் காசு.

அதனால மெயில் வேலை செஞ்ச விதமும் வேற. பாப் என்கிற நெறிமுறை 1984ல் வந்தது. அதை ஒரு தபால் பெட்டி மாதிரி நினைச்சுக்கோங்க. கனெக்ட் பண்ணுவீங்க, சர்வர்ல இருக்கிற கடிதங்களை எல்லாம் உங்க கம்ப்யூட்டருக்கு இறக்குவீங்க, லைனைக் கட் பண்ணிட்டு ஆற அமரப் படிப்பீங்க. இறக்கினதும் சர்வர்ல இருக்கிற காப்பி வழக்கமா அழிஞ்சிரும். சர்வர்ல இடம் ரொம்பக் கம்மி. 1996ல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஆரம்பித்த ஹாட்மெயில் கொடுத்தது 2 எம்பி. இன்னைக்கு போன்ல எடுக்கிற ஒரு போட்டோவே அந்த அளவுக்கு இருக்கும்.

கடிதங்கள் சர்வரிலேயே தங்கி, எந்த மெஷின்லேர்ந்தும் படிக்கிற வசதிக்கு ஐமேப் என்று பெயர். மார்க் கிறிஸ்பின் 1986லேயே அதை வடிவமைத்துவிட்டார். ஆனா சாதாரண ஆளுக்கு அது கைக்கு எட்ட சர்வர்ல தாராளமா இடம் வேணும். 2004 ஏப்ரல் 1 அன்று கூகுள் 1 ஜிபி இடத்தோட ஜிமெயிலை அறிவிச்சப்போ ஏப்ரல் ஃபூல் ஜோக்குன்னே நிறைய பேர் நினைச்சாங்க. "எதையும் அழிக்க வேண்டாம்"ங்கிற பழக்கம் அதுக்கப்புறம் வந்ததுதான்.

பெரியப்பா வீட்டு கம்ப்யூட்டர் அதுக்கு முந்தின காலத்து ஆளு. பிஎஸ்என்எல் டயல்-அப், அவுட்லுக் எக்ஸ்பிரஸ். சித்தப்பா எழுதின ஒவ்வொரு கடிதமும் கட்டுமாவடிக்கு வந்து இறங்கி, இந்த ஹார்டு டிஸ்க்லயே குடியேறிடுச்சு.

எங்க இருக்கு?

மானிட்டர் செத்துப்போச்சு. மீமிசல்ல தெரிஞ்சவர் கடையில ஒன்னு இரவல் வாங்கிட்டு வந்தேன். மெஷின் ஓடுச்சு! உள்ள இருக்கிற பேட்டரி போயிட்டதால தேதி மட்டும் 2002 ஜனவரி 1ன்னு காட்டுச்சு.

பழைய கம்ப்யூட்டரை அழிக்கும்போது நிறைய பேர் செய்ற தப்பு இதுதான்: "மை டாக்குமென்ட்ஸ்" ஃபோல்டரையும் டெஸ்க்டாப்பையும் காப்பி பண்ணிட்டு, எல்லாம் வந்துருச்சுன்னு நினைக்கிறது. காலேஜ்ல என் லேப்டாப்பை நானே அப்படித்தான் அழிச்சேன். படம், பாட்டு, அசைன்மென்ட் எல்லாம் வந்துச்சு, மெயில் வரல. அவுட்லுக் எக்ஸ்பிரஸ்ல கடிதங்கள் டிபிஎக்ஸ்னு முடியிற ஃபைல்கள்ல, சாதாரணமா கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கும். முகவரிப் புத்தகம் அதுகூடவும் இருக்காது. அது டபிள்யூஏபின்னு முடியிற தனி ஃபைல், வேற ஃபோல்டர். மெயிலை மட்டும் எடுத்துட்டு கான்டாக்ட்ஸை விட்டுடறது ரொம்ப சுலபம்.

நான் ரெண்டு வழியிலயும் எடுத்தேன். முதல்ல அந்த மூல ஃபைல்களை அப்படியே பென் டிரைவுக்குக் காப்பி பண்ணினேன். அடுத்து, அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்து கடிதங்களை மொத்தமா செலக்ட் பண்ணி ஒரு ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போட்டேன். அப்படிப் போட்டா ஒவ்வொரு கடிதமும் ஒரு ஈஎம்எல் ஃபைலா மாறும். அது வெறும் எழுத்து ஃபைல், எந்த மென்பொருள்லயும் திறக்கலாம். முகவரிப் புத்தகத்தை சிஎஸ்வியா எக்ஸ்போர்ட் பண்ணினேன். அதை என் லேப்டாப்ல விகார்டா மாத்திக்கிட்டா எந்த போன்லயும் ஏத்திரலாம். விகார்டுங்கிறது 1990களோட நடுவில வந்த வடிவம். நம்ம போன்ல கான்டாக்ட் ஷேர் பண்றப்போ இன்னைக்கும் போறது அதுதான்.

வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். ஃபார்மட் பண்றதுக்கு முன்னாடி சும்மா ஒரு கடிதத்தை என் லேப்டாப்ல திறந்து பார்த்தேன்.

ட கால், ண அரை, த முக்கால்

ஒரு எழுத்து புரியல. ஸ்க்ரீன் முழுக்க பின்னக் குறிகள், சென்ட் குறி, தலையில கொம்பு வெச்ச ஐரோப்பிய எழுத்துகள்.

ஃபைல் கெட்டுப்போகல. சித்தப்பா தமிழ்ல எழுதியிருக்கார், யூனிகோடுக்கு முந்தின தமிழ். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991லேயே, தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் விண்டோஸ் 2000 வரும்வரை விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் அதைப் புரிந்துகொள்ளவில்லை. அதுவரைக்கும் தமிழர்கள் காத்திருக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1980களிலேயே தொடங்கியிருந்தார். 1990களின் இறுதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து திஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டிலிருந்து டாம், டாப் என்று இன்னும் இரண்டு வந்தன.

இவை எல்லாத்துக்கும் அடிப்படை யோசனை ஒன்னுதான். ஐரோப்பிய மொழிகளுக்காக ஒதுக்கின இடங்கள்ல தமிழ் எழுத்தை உக்கார வெச்சிரலாம். சரியான எழுத்துரு இருந்தா தமிழ் தெரியும், இல்லன்னா அந்த ஐரோப்பியக் குறி தெரியும். திஸ்கியில கால் குறி இருந்த இடத்துல 'ட', அரைக் குறியில 'ண', முக்கால் குறியில 'த'. "தம்பி"ன்னு எழுதினா இன்னைய கம்ப்யூட்டர்ல முக்கால்ல ஆரம்பிச்சு சென்ட் குறியில முடியும்.

அந்தப் பழைய மெஷின்ல எழுத்துரு இருந்துச்சு, அதனால அங்க அழகாத் தமிழ் தெரிஞ்சுது. பென் டிரைவுல நான் எழுத்துருவை எடுக்கல. ஃபார்மட் பண்ணிட்டு பெங்களூர் வந்து திறந்திருந்தா, என்ன குறியேற்றம்னு தேட ஆரம்பிச்சிருக்கணும். பெரியப்பா கையில குடுத்திருந்தா, "எல்லாம் கெட்டுப்போச்சு"ன்னு அவரே தூக்கிப் போட்டிருப்பார்.

நல்லவேளை, திஸ்கிலேர்ந்து யூனிகோடுக்கு மாத்துற கருவிகள் இருக்கு. என்எச்எம் கன்வர்ட்டர், சுரதாவோட பொங்குதமிழ், பைத்தான் தெரிஞ்சவங்களுக்கு ஓப்பன்-தமிழ். எல்லாம் தமிழ் ஆர்வலர்கள் இலவசமாக் குடுத்தது. ஒரே ஒரு விதி வெச்சுக்கிட்டேன்: மாத்தினதைத் தனி ஃபோல்டர்ல போடுறது, மூலத்துல கை வைக்கிறதில்ல. மாத்துறதுல தப்பு நடந்தா திரும்பிப் போக ஒரு இடம் வேணும்ல.

கிளவுட்ல இருந்தா போதாதா?

"எங்களுக்கு இந்தத் தலைவலியே இல்ல, எல்லாம் கிளவுட்ல இருக்கு"ன்னு நீங்க சொல்லலாம். ரெண்டு சம்பவம் சொல்றேன்.

2009 அக்டோபரில் அமெரிக்காவில் டி-மொபைலின் சைட்கிக் போன் வைத்திருந்தவர்கள் பலருடைய கான்டாக்ட்ஸும் படங்களும் மறைந்தன. அந்தத் தகவல்கள் போனில் இல்லை, மைக்ரோசாஃப்டின் துணை நிறுவனமான டேஞ்சரின் சர்வரில் இருந்தன. திரும்பக் கிடைக்காது என்றே முதலில் சொன்னார்கள். பிறகு பெரும்பகுதியை மீட்டார்கள்.

2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்களில் சுமார் 0.02 சதவீதம் பேரின் பெட்டி காலியானது. கூகுள் பல டேட்டா சென்டரில் காப்பி வைத்திருந்தது, ஆனால் பிழை அந்தக் காப்பிகளையும் பாதித்தது. காப்பாற்றியது காந்த நாடா. நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியே வைத்த டேப், அதனால் பிழை அதைத் தொடவில்லை.

இன்னொன்னு. ரெண்டு வருஷம் யாரும் தொடாத தனிநபர் அக்கவுன்ட்டை நீக்கலாம்னு 2023ல் கூகுள் விதி கொண்டுவந்தது. அந்த டிசம்பர்லேர்ந்து அது நடைமுறையில இருக்கு. இறந்துபோனவங்க லாகின் பண்ண மாட்டாங்க. உங்க வீட்டுல அப்படி யாரோட மெயிலாவது இருந்தா, வழி இருக்கும்போதே எடுத்து வைங்க. நம்ம அக்கவுன்ட்டுக்கு 2011லேர்ந்து கூகுள் டேக்அவுட் இருக்கு. மெயிலை எம்பாக்ஸா, கான்டாக்ட்ஸை விகார்டா இறக்கித் தரும்.

டிசம்பர் 26

சாயங்காலம் மாத்தின கடிதங்களைப் பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பெரும்பாலும் சாதாரண விஷயம்தான். தடைக்காலம் முடிஞ்சுதா, நண்டு என்ன விலை போகுது, அக்காவுக்கு ஃபீஸ் கட்டியாச்சா.

ஒன்னு மட்டும் 2004 டிசம்பர் 26 தேதியிட்டது. சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. "அண்ணே, போன் கிடைக்கல. டிவியில நாகப்பட்டினம் காட்டுறான். எல்லாரும் இருக்கீங்களா, ஒரு வரி போடுங்க." அவ்வளவுதான் கடிதம். செண்ட் ஐட்டம்ஸ்ல மறுநாள் போன பதில் இருந்துச்சு, பெரியப்பா சொல்லச் சொல்ல அக்கா தங்கிலீஷ்ல டைப் பண்ணது: எல்லாரும் நல்லா இருக்கோம், இலங்கை மறைச்சதால இந்தப் பக்கம் அலை அவ்வளவா இல்ல. தங்கிலீஷ்ங்கிறதால அதுக்கு கன்வர்ட்டரே தேவைப்படல.

கான்டாக்ட்ஸ்ல 43 பேர். பெரியப்பா லிஸ்ட்டைப் பாத்துக்கிட்டே வந்து ஒரு பேர்ல நிறுத்தினார். "இவருதான் தம்பியோட ரூம்ல இருந்தவரு. பாடிய அனுப்பி வெச்சது இவருதான். நம்பர் தொலைஞ்சு போச்சுன்னு இத்தனை வருஷம் ஒரு நன்றி கூடச் சொல்லல." அந்த நம்பர் இப்போ உபயோகத்துல இல்ல. மெயில் ஐடிக்கு எழுதியிருக்கோம். திரும்பி வரல, பதிலும் இன்னும் வரல.

கம்ப்யூட்டரை போகி கழிஞ்சு மூணு நாள் வெச்சுத்தான் அழிச்சேன். அதுக்குள்ள அக்கா வீட்டு லேப்டாப்ல பென் டிரைவைப் போட்டு, எல்லாம் திறக்குதான்னு அக்காவையே பாக்கச் சொன்னேன். ஒரு காப்பி அங்க, ஒன்னு என்கிட்ட, ஒன்னு பெரியப்பா பீரோவுல. இந்த எபிசோடுலேர்ந்து ஒரே ஒரு விஷயம் எடுத்துட்டுப் போறதா இருந்தா இதை எடுத்துக்கோங்க: காப்பி பண்ணி முடிச்சதும் பேக்கப் முடிஞ்சிடல. வேற மெஷின்ல, வேற ஒருத்தர் திறந்து படிச்ச பிறகுதான் பழசை அழிக்கணும்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு டப்பா இருக்கும். இந்த வாரம் ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.