கல்லுக்குள் செல்கள்

பெருமுக்கல் மலைக் குகையின் பாறைக் கீறல்களில் தொடங்கி, கோயில் கல்வெட்டுகளைக் கடந்து, அம்மலையின் கோட்டைக்காக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியது வரை சொல்லிவிட்டால், திண்டிவனம் வட்டாரத்தின் வரலாறு நிறைவுற்றதாக எண்ணுகிறோம். இவை யாவும் வெறுங்கண்ணால் படிக்கக்கூடிய சான்றுகள். இதே விழுப்புரம் மாவட்டத்தில், சங்கராபரணி ஆற்றுப் பக்கம் திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்கு வயது ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். அவற்றைப் படிக்க நுண்ணோக்கி வேண்டும். இந்த வட்டாரத்தின் மிகப் பழைய ஆவணங்களுள் மரத்தின் செல்லும் ஒன்று என்பதே என் வாதம்.

ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’வில், தக்கைச் சீவலில் கண்ட நுண்ணறைகளைச் செல் என்று அழைத்ததைப் பள்ளியிலேயே படிக்கிறோம். அந்தப் பகுதிக்குச் சற்று முன்னால் அவர் கல்லான மரத்தையும் ஆராய்ந்திருப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. கனிமம் கரைந்த நீர் மரத்தின் நுண்துளைகளில் ஊறி இறுகியதால் அது கல்லானது என்று அவர் விளக்கினார். ஆக, செல்லைப் பற்றிய அறிவும் கல்மரத்தின் நுண்ணமைப்பைப் பற்றிய அறிவும் ஒரே நூலில் பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கல்மரத் துண்டைக் கண்ணாடியில் ஒட்டி ஒளி ஊடுருவும் வரை தேய்க்கும் முறை எடின்பரோவில் வளர்ந்தது. 1831இல் ஹென்றி விதம் அம்முறையை நூலாகவே எழுதினார். திருவக்கரைக் கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா 1781இலேயே பதிவு செய்திருந்தார். ஆனால் அவை எந்த இன மரங்கள் என்று கேட்க இந்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி ஆராய்ந்து, 1855இல் ‘பியூசி ஷ்மிடியானா’ என்று ஒரு மரத்துக்குப் பெயரிட்டவர் ஷ்லைடன். தாவர உடல் முழுவதும் செல்களால் ஆனது என்று 1838இல் அறிவித்த அதே ஷ்லைடன்.

‘கல்லானபின் செல் ஏது? தெரிவது வெறும் சிலிக்கா அல்லவா?’ என்று கேட்கலாம். உயிர்ப்பொருள் பெரும்பாலும் போய்விட்டது உண்மைதான். ஆனால் சிலிக்கா செல்லின் உள்வெளியை நிரப்பி, சுவரின் வடிவத்தையும் காத்து நிற்கிறது. மரத்தை அடையாளம் காணத் தேவையானது அந்த அமைப்புத்தான். நீர் கடத்தும் அகன்ற குழாய்கள் இன்றி ஒரே சீரான செல் வரிசை தெரிந்தால் ஊசியிலை வகை. குழாய்களும் பிசின் கால்வாய்களும் தெரிந்தால் டிப்டெரோகார்ப் போன்ற அகன்ற இலை மரமாக இருக்கலாம்.

‘இலையும் பூவும் இல்லாமல் இனம் சொல்ல முடியுமா?’ என்பது இதைவிடக் கனமான கேள்வி. துல்லியமாகச் சொல்ல முடியாது. அதனால்தான் தொல்தாவரவியலாளர் பீர்பால் சாஹ்னி 1931இல் ஷ்லைடனின் மரத்தை மறுஆய்வு செய்து ‘மெசெம்பிரியாக்ஸிலான்’ என்று மாற்றினார். கட்டையின் அமைப்புக்கு மட்டும் பொறுப்பேற்கும் பெயர் அது. ஆதாரம் அனுமதிக்கும் எல்லைக்குள் பேசுவது அறிவியலின் பலம். அந்த எல்லைக்குள்ளும் போடோகார்ப் என்னும் ஊசியிலைக் குடும்பத்தோடு அதற்குள்ள உறவு தெரிகிறது. அக்குடும்பத்தில் தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே மரத்தைக் காண இன்று மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போக வேண்டும். சி.ஜி.கே. ராமானுஜம் முதலியோர் பின்னர் இப்பகுதி அடங்கிய அன்றைய தென்னார்க்காட்டுக் கல்மரங்களில் கண்ட டிப்டெரோகார்ப் வகைகளும் ஈரமான பசுங்காட்டையே சுட்டுகின்றன.

இம்மரங்கள் வேரும் கிளையும் இன்றிப் படுத்துக் கிடப்பதால், வெள்ளம் அடித்துவந்தவை என்று புவியியலாளர் கொள்கின்றனர். ஆகவே அந்தக் காடு திருவக்கரையிலேயே நின்றது என்று சொல்ல மாட்டேன். வெள்ளம் புறப்பட்ட மேட்டுநிலத்துக்கு உரியது அச்சான்று. இந்திய புவியியல் ஆய்வுத்துறை காக்கும் திருவக்கரைக் கல்மரப் பூங்காவிலிருந்து நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லும் ஒரு சில்லிலும் ஆயிரக்கணக்கான செல்கள் இருக்கின்றன. கிடந்த இடம் தெரியாமல் போனால், அவற்றைக் கொண்டு இந்த மண்ணின் வரலாற்றை எழுத முடியாது. கல்வெட்டைச் சிதைப்பது குற்றம் என்று உணரும் நாம், கல்மரத்துக்கும் அதே மதிப்பைத் தர வேண்டும்.