மென்பொருளுக்கும் உண்டு குடிமராமத்து

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எல்லாமே வானம் பார்த்த பூமி. பெய்கிற மழையைக் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் விவசாயம். கண்மாய் ஊருக்குப் பொது. ஆனால் கரையைப் பலப்படுத்தவும் வரத்துக்காலைத் தூர் வாரவும் ஊர்க்காரர்கள்தான் இறங்க வேண்டும். இதற்குப் பெயர் குடிமராமத்து. 1858ல் ஆங்கிலேய அரசு சென்னை மாகாணத்தில் இதற்காக ஒரு சட்டமே கொண்டு வந்தது. 2017ல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ கண்மாய்கள் மேடாகிப் போயின.

கம்ப்யூட்டர் உலகத்திலும் இப்படிப் பொதுக் கண்மாய்கள் இருக்கின்றன. முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர்களிடம் "சோத்கங்கா" என்று சொல்லிப் பாருங்கள், உடனே தெரியும் என்பார்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கத் தரும் தளம் அது. ஆனால் அந்தத் தளத்தை இயக்கும் மென்பொருளின் பெயரைக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. டிஸ்பேஸ் என்பதுதான் அது. யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றியும் கொள்ளலாம். விலையே இல்லாத ஒரு பொருள் இருபது வருடங்களுக்கு மேல் எப்படிச் சந்தையில் நிற்கிறது? வணிகவியல் படிப்பவர்களுக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி இதுதான்!

களஞ்சியம் என்றால் என்ன?

ஒரு பி.டி.எஃப். கோப்பை ஏதோ ஒரு இணையதளத்தில் ஏற்றி வைப்பது களஞ்சியம் ஆகாது. களஞ்சியத்தில் மூன்று விஷயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும்.

முதலாவது, விவரக்குறிப்பு. தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள், மொழி என்று ஒவ்வொரு கோப்போடும் ஒரு சீட்டு ஒட்டப்படும். இதற்கான பொது விதி 1995ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில் உருவாகத் தொடங்கியது. 'டப்ளின் கோர்' எனப்படும் அதில் அடிப்படையாக 15 கூறுகள் உண்டு. (அயர்லாந்தின் டப்ளினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.)

இரண்டாவது, மாறாத முகவரி. செர்வர் மாறினாலும் தளத்தின் பெயர் மாறினாலும் அந்தக் கோப்பைத் தேடிப் போகிறவர் அங்கே போய்ச் சேர வேண்டும்.

மூன்றாவது, சரிபார்ப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் மென்பொருள் ஒரு எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். பிறகு அவ்வப்போது மறுபடி கணக்கிடும். எண் மாறினால் கோப்பு எங்கேயோ கெட்டுப் போயிருக்கிறது என்று பொருள். இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப் போகாவிட்டால் தவறு இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி.

எங்கே தொடங்கியது?

1991ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் பால் கின்ஸ்பார்க் என்ற இயற்பியல் அறிஞர், அச்சுக்குப் போகும் முன்பே கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஏற்பாடு செய்தார். அதுதான் பின்னாளில் 'ஆர்க்ஸிவ்' ஆனது. 2000ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 'இபிரிண்ட்ஸ்' மென்பொருளை வெளியிட்டது. எம்.ஐ.டி. நூலகமும் ஹெச்.பி. நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டிஸ்பேஸ் 2002 நவம்பரில் வெளியானது. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் பிறந்த 'ஃபெடோரா', நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தின் 'கிரீன்ஸ்டோன்' ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன.

இந்தியாவும் பின்தங்கி நிற்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் 2002லேயே இபிரிண்ட்ஸை வைத்துத் தன் ஆய்வுக் கட்டுரைகளுக்குக் களஞ்சியம் அமைத்துவிட்டது. 2009ல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டு வந்த விதிமுறை, ஆய்வேடுகளின் மின்பிரதியையும் ஒப்படைக்க வேண்டும் என்றது. அவற்றைச் சேர்த்து வைக்கும் வேலையைக் குஜராத்தில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் ஏற்றுக்கொண்டது. சோத்கங்கா வளர்ந்தது இப்படித்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆய்வேடுகளும் அதில் இருக்கின்றன. முன்பெல்லாம் ஒரு ஆய்வேட்டைப் பார்க்க அந்தந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

யார் தூர் வாருகிறார்கள்?

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். டிஸ்பேஸை உருவாக்க எம்.ஐ.டி.யும் ஹெச்.பி.யும் செலவு செய்தன. ஆனால் எந்த நிறுவனமும் காலம் முழுக்க ஒரு இலவசப் பொருளுக்குப் பணம் போட்டுக்கொண்டிருக்காது. 2004ல் அதன் பயனாளர்கள் எம்.ஐ.டி.யில் ஒன்றுகூடினார்கள். 2006ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 'ஓப்பன் ரெபாசிட்டரீஸ்' மாநாடு தொடங்கியது. டிஸ்பேஸ், ஃபெடோரா, இபிரிண்ட்ஸ் என்று மூன்று மென்பொருள்களின் ஆட்களும் ஒரே கூரையின் கீழ் பேசும் இடமாக அது ஆனது. 2007ல் டிஸ்பேஸுக்கென்று ஒரு அறக்கட்டளை அமைந்தது. 2009ல் அது ஃபெடோராவின் அமைப்போடு சேர்ந்து 'டியூராஸ்பேஸ்' ஆனது. 2019ல் டியூராஸ்பேஸ், லிராசிஸ் என்ற நூலகக் கூட்டமைப்போடு இணைந்தது.

கம்பெனிகள் இணைவதைப் பாடத்தில் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். இங்கே பங்கு கிடையாது, பங்கு ஈவு கிடையாது. பயன்படுத்தும் நூலகங்களே சந்தா கட்டுகின்றன. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் நிரல் எழுதுகிறார்கள். தெரியாதவர்கள் புதிய பதிப்பைச் சோதித்துப் பார்த்துப் பிழை சொல்கிறார்கள். அதற்கென்றே நாள் குறித்து 'டெஸ்டத்தான்' நடத்துகிறார்கள். இன்னும் சிலர் திரையில் வரும் சொற்களைத் தங்கள் மொழிக்கு மாற்றித் தருகிறார்கள். கண்மாய்க்கு மண்வெட்டியோடு வருபவரும் வேண்டும், கூடை சுமப்பவரும் வேண்டும். இங்கேயும் அதே கதைதான்.

இந்தச் சமூகத்தின் செய்திகளைக் கவனிக்காமல் இருந்தால் என்ன ஆகும்? 2021 ஆகஸ்டில் டிஸ்பேஸின் 7ஆம் பதிப்பு வந்தது. பழைய இரண்டு முகப்புகளும் கைவிடப்பட்டுப் புதிய ஒரே முகப்பு வந்தது. 6ஆம் பதிப்புக்கான ஆதரவு 2023 ஜூலையோடு முடிந்தது. அதாவது, அதன் பிறகு அதில் பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தாலும் அதிகாரப்பூர்வமாக அடைத்துத் தரும் பொறுப்பு யாருக்கும் இல்லை. ஒரு கல்லூரியில் ஆர்வமுள்ள நூலகர் ஒருவர் களஞ்சியம் அமைக்கிறார், பிறகு மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருபவருக்கு இந்தச் செய்தி போய்ச் சேராவிட்டால், ஒரு நாள் அந்தத் தளம் திறக்காது. அவ்வளவுதான். தீயும் வேண்டாம், வெள்ளமும் வேண்டாம்.

மென்பொருள் இலவசம் என்பது உண்மை. ஆனால் பராமரிப்பு இலவசம் அல்ல. முதலீட்டுச் செலவு பூஜ்யம் என்றால் நடப்புச் செலவும் பூஜ்யம் என்று நினைப்பதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு.

தமிழில் ஆட்கள் முதலில் வந்தார்கள்

1981 மே 31 நள்ளிரவையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு எங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளும் அதில் போயின. ஒரே இடத்தில் ஒரே ஒரு பிரதி இருந்தால் என்ன நடக்கும் என்பதைத் தமிழர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

1998 பொங்கல் அன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனன் ஆகியோர் முன்னின்றார்கள். பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கு ஒரு நூலைத் தட்டச்சு செய்ய, இன்னொருவர் பிழை திருத்த, பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறின. அப்போது டிஸ்பேஸ் பிறக்கவே இல்லை! திஸ்கி எழுத்துருவில் இருந்த நூல்கள் பிறகு யுனிகோடுக்கு மாற்றப்பட்டன. அந்த வேலையை யாரும் செய்யாமல் விட்டிருந்தால், இன்றைய கம்ப்யூட்டரில் அந்தக் கோப்புகளைத் திறந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தீ வைக்காமலே ஒரு நூலகம் அழிவது என்றால் இதுதான்.

2005ல் ஈழத்து நூல்களுக்காக 'நூலகம்' திட்டம் தொடங்கியது. விக்கிப்பீடியாவை இயக்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில் அது வளர்ந்தது. பிறகு ஒளிப்படம், ஒலிப்பதிவு, சுவடி என்று பல வடிவங்களைச் சேர்க்க வேண்டி வந்தபோது 'ஆவணகம்' என்ற தளம் 'ஐலண்டோரா' மென்பொருளில் அமைக்கப்பட்டது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஐலண்டோரா, ஃபெடோராவை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டது. ஒரு தீவில் எழுதிய மென்பொருள், இன்னொரு தீவின் தமிழ் ஆவணங்களைக் காக்கிறது!

எம்.ரெட்டியபட்டிக்கு இதில் என்ன?

ஒரு உதாரணம் பார்ப்போம். தமிழ்நாட்டில் ரெட்டியபட்டி என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. அருப்புக்கோட்டை பக்கத்து ஊரை எம்.ரெட்டியபட்டி என்கிறார்கள். அந்த 'எம்.' விட்டுப் போனால் ஆவணம் வேறு ஊர்க் கணக்கில் சேர்ந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போதோ ஆளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல்.

மாவட்டப் பெயர் இன்னும் சிக்கல். இந்தப் பகுதி 1910க்கு முன்பு மதுரை மாவட்டத்தில் இருந்தது. 1910ல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தது. 1985ல் பிரிந்து காமராசர் மாவட்டம் ஆகி, பிறகு விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. 1879ல் திருச்சுழியில் பிறந்த ரமண மகரிஷியைப் பற்றியோ, அருப்புக்கோட்டை நெசவாளர்களைப் பற்றியோ பழைய ஆவணம் தேடுபவர் 'விருதுநகர்' என்று மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. ஆவணம் களஞ்சியத்தில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் கைக்கு எட்டாது.

இந்த விவரம் பாஸ்டனிலோ காந்திநகரிலோ இருப்பவருக்கு எப்படித் தெரியும்? ஊர்க்காரருக்குத்தான் தெரியும். சரியான ஊர்ப் பெயர், பழைய மாவட்டப் பெயர், மாற்று எழுத்துக்கூட்டல் மூன்றையும் விவரக்குறிப்பில் சேர்க்க நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதுவும் ஒரு கூடை மண்தான். பதிவேற்றும்போது சேர்க்கலாம், தவறைக் கண்டால் அந்தக் களஞ்சியத்தாருக்கு எழுதலாம்.

அடுத்த முறை ஒரு ஆய்வேட்டை இலவசமாக இறக்கிப் படிக்கும்போது, அதை இறக்க முடிவதற்கு யாரோ சிலர் எங்கேயோ வரத்துக்காலைச் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் எண்ணிக்கை குறையாமல் இருந்தால்தான் அடுத்த வருடமும் அந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கும்.