வாடகைக்குத் தெரு, வாடகைக்கு வீடு

தெருவில் வண்டி நிறுத்தக் காசு வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர் ஒரு பத்திரிகை ஆசிரியர். பெயர் கார்ல் மேகி. அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரத்தில் வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழுவை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1930-களின் தொடக்கம். கடைக்காரர்களிடம் ஒரே புலம்பல். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள் காலையில் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போனால் மாலையில்தான் வந்து எடுக்கிறார்கள். பொருள் வாங்க வருகிறவர் எங்கே நிறுத்துவார்? சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார்! போலீஸ்காரர் டயரில் சாக்பீஸ் கோடு போட்டு நேரம் பார்க்கும் முறையை நம்பி எத்தனை காரைக் கண்காணிக்க முடியும்?

மேகி ஓர் இயந்திரத்தை யோசித்தார். ஓக்லஹோமா மாநிலத்தின் வேளாண், இயந்திரவியல் கல்லூரி மாணவர்களுக்குப் போட்டி கூட வைத்தார். மாணவர்கள் செய்த மாதிரிகள் சரிப்பட்டு வரவில்லை. கடைசியில் அதே கல்லூரியின் பேராசிரியர் தூசனும், அங்கே படித்து முடித்த ஹேல் என்பவரும் சேர்ந்து வேலை செய்யும் மீட்டரை உருவாக்கினார்கள். 1935 ஜூலை 16 அன்று அது தெருவுக்கு வந்தது. 5 சென்ட் போட்டால் ஒரு மணி நேரம். நேரம் முடிந்தும் வண்டி நின்றால் அபராதம்.

ஓட்டுநர்களுக்குக் கடும் கோபம். கார் வாங்கும்போது வரி, பெட்ரோலுக்கு வரி, இப்போது நிறுத்துவதற்கும் காசா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேடிக்கை என்னவென்றால், முதலில் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் மீட்டர் வைத்தார்கள். சில நாட்களிலேயே எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்கள் "எங்கள் பக்கமும் வையுங்கள்" என்று வந்து நின்றார்கள். மீட்டர் இருந்த பக்கம் வண்டிகள் வந்து வந்து போயின, வியாபாரமும் நடந்தது. வணிகவியல் படிப்பவர்கள் சரக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று கணக்குப் பார்ப்பார்களே, அதே கணக்குதான். இங்கே சரக்கு என்பது இருபதடி நீளத் தெரு.

எல்லா ஊரிலும் இது இவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. 1937-இல் அலபாமா மாநில உச்ச நீதிமன்றம் பர்மிங்காம் நகர மீட்டர்களுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. தெரு பொதுச்சொத்து, அதை நகராட்சி மணிக்கணக்கில் வாடகைக்கு விட முடியுமா என்பதுதான் அடிப்படைச் சண்டை.

இன்னொரு வழியும் அதே காலத்தில் வளர்ந்தது. தெருவைக் கட்டுப்படுத்துவதற்குப் பதிலாகக் கட்டடம் கட்டுகிறவரின் தலையில் சுமையைக் கட்டுவது. 1923-இல் ஓஹையோவின் கொலம்பஸ் நகரம் அடுக்குமாடி வீடு கட்டுவோர் கார் நிறுத்த இடமும் ஒதுக்க வேண்டும் என்றது. 1939-இல் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ ஹோட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் அதே விதியைப் போட்டது. பிறகு அமெரிக்கா முழுக்க இது பரவியது. சிறு கடை திறக்க நினைத்தவர்கூடக் கடையைவிடப் பெரிய நிறுத்துமிடத்துக்கு நிலம் வாங்க வேண்டிய நிலை பல ஊர்களில் வந்தது. நிறுத்துமிடம் இலவசம் என்ற பெயரில் அதன் செலவு வாடகையிலும் பொருள் விலையிலும் ஏறியது. பேராசிரியர் டொனால்ட் ஷூப் 2005-இல் வெளியிட்ட தடிமனான புத்தகத்தில் வாதிட்டது இதைத்தான்.

இனி வீட்டுக்கு வருவோம். 2007 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாடு. ஹோட்டல்கள் நிரம்பிவிட்டன. வாடகை கட்டத் திணறிய இரண்டு இளைஞர்கள், பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும், தங்கள் வீட்டில் காற்று மெத்தைகளைப் போட்டு மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஏர்பிஎன்பி நிறுவனம். இதில் ஒரு முரண்: குடியிருப்பு வீட்டை 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது அந்த நகரில் அப்போது சட்டவிரோதம். மாத வாடகைக்காரரை வெளியேற்றிவிட்டு நாள் வாடகைக்கு விட்டால் லாபம் அதிகம் என்று வீட்டுக்காரர்கள் நினைப்பார்கள் என்ற பயத்தில் போட்ட சட்டம் அது.

2014 அக்டோபரில் நகர மேயர் எட் லீ புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2015 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அந்த வீட்டில் ஆண்டுக்குக் குறைந்தது 275 நாள் குடியிருப்பவர் மட்டுமே, அதுவும் நகரத்திடம் பதிவு செய்துகொண்டு, வாடகைக்கு விடலாம். அவர் வீட்டில் இல்லாத நாட்களில் விடுவதற்கு வரம்பு 90 நாள். காகிதத்தில் நல்ல சட்டம். பதிவு செய்யத்தான் பெரும்பாலோர் வரவில்லை!

இதனால் 2015 நவம்பரில் வரம்பை 75 நாளாகக் குறைக்கும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஏர்பிஎன்பி 80 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்து எதிர்த்தது. தான் வசூலித்துக் கட்டும் ஹோட்டல் வரியைப் பற்றிக் கிண்டலாக விளம்பரப் பலகைகள் வைத்தது. பொது நூலகமே, இந்த வரிப் பணத்தில் கொஞ்சம் நேரம் கூடுதலாகத் திறந்து வையேன் என்கிற ரகம். மக்கள் கொதித்தார்கள், நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பலகைகளை எடுத்தது. இருந்தும் ஏறத்தாழ 55-க்கு 45 என்ற கணக்கில் தீர்மானம் தோற்றது.

அடுத்த ஆண்டு நகரம் வேறு இடத்தில் கை வைத்தது. பதிவு இல்லாத வீட்டுக்கு முன்பதிவு எடுத்தால் இணையதளமே பொறுப்பு என்றது. நிறுவனம் வழக்குப் போட்டது. 2016 நவம்பரில் நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்தார். 2017 மே மாதம் சமரசம். 2018 ஜனவரியில் கெடு முடிந்தபோது அந்தத் தளத்தில் நகரத்து வீடுகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. மூன்று ஆண்டுகளாகச் சட்டத்தில் இருந்தும் நடக்காதது, பொறுப்பை இணையதளத்தின் மீது வைத்ததும் சில மாதங்களில் நடந்தது.

தெருவிலும் அதே நகரம் கணக்கை மாற்றிப் பார்த்தது. 2011-இல் தெரு நிறுத்துமிடங்களுக்கு ஒரே கட்டணம் என்பதை விட்டு, கூட்டம் உள்ள தெருவில் ஏற்றியும் காலியாகக் கிடக்கும் தெருவில் இறக்கியும் சோதித்தார்கள். சோதனை முடிவில் சராசரிக் கட்டணம் சற்றுக் குறைந்தே இருந்தது. கட்டணம் ஏறிக்கொண்டேதான் போகும் என்று நினைத்தவர்களுக்கு ஆச்சரியம். 2018 டிசம்பரில், புதுக் கட்டடத்துக்குக் கட்டாய நிறுத்துமிடம் என்ற விதியையும் நகர அவை நீக்க வாக்களித்தது.