வெங்காயக் காலமும் கிணற்றுக் கணக்கும்

இங்கே சென்ட் லோரன்டில் காலை பத்து மணி, வெளியே பனி கொட்டுகிறது. இலண்டன்காரர் மதியச் சாப்பாட்டை முடித்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு இரவு. சிட்னியில் யாராவது விழித்திருந்தால் அவர்களுக்குத் தனி நன்றி.

எனக்குத் தந்த தலைப்பு 'வளர்முக நாடுகளின் பொருளாதாரமும் நிலைத்த அபிவிருத்தியும்'. பெரிய தலைப்பு. 1987இல் புருண்ட்லாண்ட் ஆணைக்குழு அறிக்கை எழுதியது. 2015இல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகளை வகுத்தது. அவற்றையெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் பேசி முடிக்க என்னால் ஆகாது. நான் இதை ஒரு வெங்காயப் பாத்தி அளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன். இடம் யாழ்ப்பாணக் குடாநாடு. காலம் 1970 முதல் 1977 வரை, அதன் பிறகு வந்த விளைவுகளும் சேர்த்து.

நான் புன்னாலைக்கட்டுவன் ஆள். செம்மண் பூமி. அப்பாவுக்கு இருந்தது பன்னிரண்டு பரப்புத் தோட்டக்காணி. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்றால் எவ்வளவு சிறிய காணி என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காணியில்தான் ஆறு பேர் சாப்பிட்டோம், நான்கு பேர் படித்தோம்.

முதலில் தண்ணீர். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வழுக்கியாறு என்று பெயர் சொல்ல ஒன்று உண்டு, மாரியில் மட்டும் ஓடும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மழையைப் பிடித்து வைப்பது எங்கள் காலடியில் இருக்கும் சுண்ணக்கல். அது ஒரு பஞ்சு மாதிரி, துளையும் குகையுமாக இருக்கும். நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பஞ்சுக்குள் நன்னீர், கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்துப் பொறியியலாளர் ஒருவரும், பின்னர் ஜெர்மானியர் ஒருவரும் இதற்குக் கணக்குப் போட்டார்கள். நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால், மேலே ஓர் அடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உவர் நாற்பது அடி ஏறி வரும். கிபென் - ஹெர்ஸ்பேர்க் விதி என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். எங்கள் ஊர்க் கிழவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாது. "கிணத்தைக் கலைக்காதை" என்பார்கள்.

கலைக்கவும் முடியாது. துலா இருந்த காலத்தில் ஒருவர் துலா மிதிக்க வேண்டும், ஒருவர் பட்டை பிடிக்க வேண்டும், ஒருவர் வாய்க்காலில் நின்று தண்ணீர் மாற வேண்டும். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்போது ஆட்கள் களைத்துவிடுவார்கள். மனிதக் களைப்புத்தான் அன்றைய நீர்ப் பங்கீட்டுச் சட்டம். அந்தக் காலத்தை நான் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. துலா மிதித்தவர் பெரும்பாலும் காணிக்காரர் அல்லர். அவர் எந்தக் கிணற்றில் அள்ளலாம், எதில் அள்ளக்கூடாது என்று ஊரில் ஒரு சட்டமும் இருந்தது. கே. டானியல் தம் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்று பெயர் வைத்தது சும்மா அல்ல.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் மெஷின் வந்தது. மூன்று பேரின் வேலையை ஒரு மெஷின் செய்தது, அதுவும் களைக்காமல். இப்படி மெஷின் ஊரெல்லாம் பரவியிருந்த நேரத்தில்தான் 1970 வருகிறது.

சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் பதவிக்கு வந்தபோது நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியிருந்தது. தேயிலைக்கும் றப்பருக்கும் உலகச் சந்தையில் விலை இல்லை, அரிசியும் மாவும் சீனியும் வெளியிலிருந்து வர வேண்டும். அதே காலத்தில் ஆசியா, ஆபிரிக்கா, இலத்தீன் அமெரிக்கா எங்கும் பல அரசுகள் இதே நெருக்கடியில் இருந்தன. அவர்கள் எடுத்த மருந்தும் ஒன்றுதான், இறக்குமதியை நிறுத்து, உள்ளூரில் செய். இறக்குமதிப் பிரதியீடு என்று பொருளியலாளர் சொல்வார்கள். ஆர்ஜென்டீனாவின் ராவுல் பிரெபிஷ் இதற்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர்.

நிதியமைச்சர் என். எம். பெரேரா. ட்ரொட்ஸ்கியவாதி. அவர் காலத்து இறக்குமதித் தடைகளால் நிமிர்ந்தவர்களில், சமசமாஜக் கட்சிக்கு ஒரு வாக்கும் போட்டிராத எங்கள் வலிகாமத்துத் தோட்டக்காரர் முன்வரிசையில் நிற்பார்கள் என்று அவர் நினைத்திருப்பாரோ தெரியாது. இந்தியச் செத்தல் மிளகாயும் பம்பாய் வெங்காயமும் வருவது நின்றன. கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு எங்கள் லொறிகளுக்காகக் காத்துக் கிடந்தது.

தெற்கில் அந்த ஆண்டுகளை மக்கள் பஞ்சமாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் பாணுக்கு விடியமுன் வரிசை, சோற்றுக்குப் பதில் மரவள்ளி. வீதித் தடைகளில் மறித்து அரிசியையும் மிளகாயையும் தேடினார்கள். எங்களுக்கும் பாண் வரிசை இருந்தது. ஆனால் அதே நேரம் ஊரில் கல்வீடுகள் எழும்பின, லாண்ட்மாஸ்டர் வந்தது, நகை செய்யக் கொடுத்தார்கள். வெங்காயம் எழுபது நாளில் கைக்கு வரும் பயிர். ஓராண்டில் இரண்டு மூன்று போகம் எடுக்கலாம். நட்டவர் நட்டுக்கொண்டே இருந்தார்கள்.

தரப்படுத்தலால் பல்கலைக்கழகக் கதவு சாத்தப்பட்ட பொடியன்கள் பலர் வன்னிக்குப் போனார்கள். விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர் திட்டங்கள். காடு வெட்டி மிளகாய் போட்டார்கள். காணியில்லாதவனுக்கும் ஒரு வழி திறந்த காலம் அது. மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் அந்த மிளகாய்க் காடுகளில் கூலிக்கு ஆய்ந்தார்கள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 'வெங்காயக் காலம்' என்று நாம் பெருமை பேசும்போது அவர்களுடைய கூலியை யாரும் ஞாபகப்படுத்துவதில்லை.

1977 ஜூலையில் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களோடு வந்தது. நவம்பரில் ரொனி டி மெல்லின் வரவுசெலவுத் திட்டம். பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. பாண் வரிசை மறைந்தது, துணி வந்தது, வானொலிப் பெட்டி வந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்தன. அப்பா அந்தப் போகத்து வெங்காயத்தைப் பிடி கட்டித் தாழ்வாரத்தில் தூக்கிவிட்டு விலைக்காகக் காத்திருந்தார். தொங்கியபடியே பாதி முளைத்துப்போயிற்று.

திறந்த பொருளாதாரம் தவறென்று இதை வைத்து முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏழாண்டுப் பாதுகாப்பில் சம்பாதித்ததைக் கொண்டு நாங்கள் என்ன கட்டினோம்? குளிர்க் களஞ்சியம் கட்டவில்லை, பதப்படுத்தும் தொழிற்சாலை இல்லை, தெற்கின் சந்தைக்கு வேறு பொருளும் இல்லை. பணம் வீட்டுக்கும் சீதனத்துக்கும் கொழும்புக் காணிக்கும் போனது. தடை நிரந்தரம் என்று அரசும் நினைத்தது, தோட்டக்காரரும் நினைத்தார்கள். அதே ஆண்டுகளில் தென்கொரியாவும் தன் சந்தையைப் பூட்டித்தான் வைத்திருந்தது. ஆனால் பூட்டுக்குள் இருந்த தொழில்களை ஏற்றுமதி செய்யச் சொல்லி நெருக்கியது.

இன்னொரு செலவு இருந்தது. அது எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் வரவில்லை.

முந்தைய முறையில் தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பார்கள். பூவரசு, வேம்பு, பனையோலை. மாட்டுப்பட்டி அடைப்பார்கள். எழுபது நாட்பயிருக்கு அது போதாது. யூரியா மூட்டை மூட்டையாக வந்தது. செம்மண்ணுக்கு எதையும் பிடித்து வைக்கும் பொறுமை இல்லை. பாய்ச்சிய தண்ணீரோடு யூரியா சுண்ணக்கல்லுக்குள் இறங்கியது. பக்கத்திலேயே மலக்குழிகள். 1980களின் தொடக்கத்தில் செய்த ஆய்வுகளிலேயே வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருந்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றில் உவர் ஏறினால் நாக்குக்குத் தெரியும். இது கைக்குழந்தையின் இரத்தத்தில்தான் தெரியும்.

சிமெந்தையும் சொல்ல வேண்டும். 1950இல் காங்கேசன்துறைத் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கியபோது வடக்கின் முதல் பெரிய கைத்தொழில் அது. கைத்தொழில் அமைச்சர் ஜி. ஜி. பொன்னம்பலம். எத்தனையோ குடும்பங்கள் அதனால் மேலே வந்தன. ஆனால் அது தின்றதும் அதே சுண்ணக்கல்தான், தண்ணீர் தாங்கும் அந்தப் பஞ்சு. 1990இல் போரோடு ஆலை நின்றது. கல் அகழ்ந்த பள்ளங்கள் இன்றும் இருக்கின்றன.

1990க்குப் பின் பொருளாதாரத் தடை. யூரியா வெடிமருந்தாகும் என்று நிறுத்தினார்கள், மண்ணெண்ணெய் அரிதாயிற்று, மெஷின்கள் சொட்டெண்ணெயில் ஓடின. தோட்டக்காரர் மறுபடி குழைக்கும் எருவுக்கும் போனார்கள். 2021 மேயில் கோத்தாபய ராஜபக்ஷ அரசாங்கம் இரசாயன உரத்தை ஓரிரவில் தடை செய்து, இயற்கை விவசாயம் என்று உலகத்துக்கு அறிவித்தபோது, "இதை நாங்கள் தொண்ணூறிலேயே பார்த்திட்டம்" என்று ஊரில் சிரித்ததாக மச்சான் தொலைபேசியில் சொன்னான். அந்தத் தடை நவம்பரில் விலக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக நெல் அடிபட்டுவிட்டது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை அறிவித்தது. உரத்தைக் குறைப்பது நல்ல காரியம். ஆனால் அதற்குப் பத்தாண்டு வேண்டும், கையில் டொலர் இல்லாத அரசாங்கத்தால் பத்து மாதம்கூடப் பொறுக்க முடியவில்லை. உரத்தடையின் பின்னால் மண்மேல் பாசம் எவ்வளவு, டொலர் மிச்சம் பிடிக்கும் எண்ணம் எவ்வளவு என்று கேட்டால் நான் இரண்டாவதன் பக்கம்தான் கை காட்டுவேன்.

பணக்கார நாட்டில் இது நடக்காதா? நடக்கிறது. மொன்றியலுக்குத் தெற்கே நேப்பியர்வில், ஷெரிங்டன் பக்கம் கரிய மண். நாங்கள் சென்ட் லோரன்டில் வாங்கும் கியூபெக் வெங்காயம் பெரும்பாலும் அங்கிருந்துதான். ஆதிச் சதுப்பை வடித்துச் செய்த நிலம் அது. காற்றுப் பட்டதும் அந்த மண் கரைகிறது, ஆண்டுக்குச் சுமார் 2 சென்ரிமீற்றர் போய்விடுகிறது. லாவால் பல்கலைக்கழகம் விவசாயிகளோடு சேர்ந்து, மரத்தூளும் புல்லும் பரப்பி அதைத் தடுக்க முடியுமா என்று ஆராய்கிறது. களை பிடுங்குபவர்கள் மெக்சிக்கோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் பருவத்துக்கு வந்து போகிறவர்கள். மண் இங்கேயும் போகிறது. இங்கே அதை அளக்க ஆள் வைத்திருக்கிறார்கள், எங்கள் கிணறுகளை நாற்பது வருடம் தொடர்ந்து அளந்திருந்தால் இன்று பேச்சே வேறு.

திட்டம் இல்லாமல் போகவில்லை. 1950களில் நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று வரைந்தார். கனகராயன் ஆறு ஆனையிறவுக் கடலேரியில் கொட்டும் மாரி நீரை மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியே வடமராட்சிக் கடலேரிக்கும், அங்கிருந்து உப்பாற்றுக்கும் விடுவது. தொண்டைமனாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் எழுந்தன. வாய்க்கால் முடியவில்லை. பிறகு போர். போருக்குப் பின் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரத் திட்டமிட்டார்கள். கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள், எங்கள் வயலுக்கே போதாது என்று. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. யாழ்ப்பாணத்தார் அதை ஏற்க மனமில்லாமல் பத்திரிகைகளில் எழுதியவை வாசிக்கச் சங்கடமானவை.

இதற்கிடையே சுன்னாகம் மின்நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் மிதந்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது.

கடைசியில் கடலைத்தான் நம்பினோம். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். குடிக்க மட்டும். மின்சாரம் தின்னும் தண்ணீர், கடனில் வந்த தண்ணீர். புன்னாலைக்கட்டுவனில் எங்கள் காணியை இப்போது குத்தகைக்குச் செய்யும் பொடியன் வெங்காயத்தான் போடுகிறான். இறைப்பது அதே கிணற்றிலிருந்து, மின்மோட்டரால். போன மாசியில் போனபோது குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "ஐயா, இதைக் குடிக்காதேங்கோ" என்று சொல்லி, சந்திக் கடையில் போத்தல் வாங்க மகனைச் சைக்கிளில் அனுப்பினான்.

கேள்விகள் இருந்தால் எடுக்கலாம்.