அன்பளிப்பு என்ற பதிவு: பெங்களூரு, மைசூர் நூல்களும் ஸ்காட்லாந்துத் தொடர்பும்

நூலகங்களின் சேர்க்கைப் பதிவேட்டில் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வரி உண்டு. விலைக்கு வாங்கியதென்றால் விற்றவர் பெயரும் விலையும் இருக்கும். இலவசமாக வந்ததென்றால் ‘அன்பளிப்பு’ என்ற ஒற்றைச் சொல், பக்கத்தில் கொடுத்தவர் பெயர். கொடுத்தவர் கைக்கு அந்த நூல் எப்படி வந்தது என்று எழுத அங்கே கட்டம் கிடையாது. பெங்களூருக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே நடந்த நூற்போக்குவரத்தை ஆராய்பவர், இல்லாத அந்தக் கட்டத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நூல்கள் முதலில் இங்கே வரவில்லை, இங்கிருந்து போயின.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டை மீதான தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய டேவிட் பெயர்டு ஸ்காட்லாந்துக்காரர். அரண்மனையில் திப்பு சுல்தானின் நூலகம் இருந்தது: அரபு, பாரசீகம், உருது என ஏறத்தாழ 2,000 நூல்கள். நகைகளையும் ஆயுதங்களையும் போல அவையும் போர்க்கொள்ளையாகக் கணக்கிடப்பட்டன. பெரும்பகுதி கல்கத்தாவில் 1800இல் தொடங்கிய வில்லியம் கோட்டைக் கல்லூரிக்குப் போயிற்று. ஒரு பகுதி லண்டனுக்கு. சிலவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனி பிரிட்டனின் பல்கலைக்கழகங்களுக்கு ‘வழங்கியது’. ஸ்காட்லாந்தின் மிகப் பழைய பல்கலைக்கழகமான செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் உள்ள திப்புவின் குர்ஆன் பிரதி அவ்வாறு சென்றதுதான். அங்கே அது கம்பெனி அளித்த அன்பளிப்பு.

இந்த இடத்தில் ‘கொள்ளையன் கொடுத்த கொடை’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் 1809இல் இந்நூலகத்துக்கு விளக்கப் பட்டியல் வெளியிட்ட சார்லஸ் ஸ்டூவர்ட் சொல்வது கணக்கைச் சிக்கலாக்குகிறது. ஹைதர் அலியும் திப்புவும் விலை கொடுத்து வாங்கியவை இந்நூல்களில் மிகக் குறைவு. கடப்பை, ஆற்காடு முதலான பகுதிகளில் பெற்ற வெற்றிகளின்போது கொண்டுவரப்பட்டவையே மிகுதி என்கிறார் அவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பல நூல்கள் புதிதாகக் கட்டடம் செய்யப்பட்டு, உறையில் அரசின் பெயர் பொறிக்கப்பட்டது. உறை புதிது, உள்ளே இருந்தது இன்னொருவர் ஏடு. ஸ்டூவர்ட் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரிப் பேராசிரியர். எதிரியின் நூலகத்தைப் பற்றி அவர் எழுதியதைச் சற்றுத் தள்ளுபடி செய்துதான் வாசிக்க வேண்டும். அப்படித் தள்ளினாலும் முழுவதும் தள்ளிவிட முடியாது.

ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் பொறியாளராக இருந்தவர் காலின் மெக்கன்சி. ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில், ஸ்டோர்னோவே ஊரில் பிறந்து 1783இல் சென்னைக்கு வந்தவர். போர் முடிந்ததும் மைசூர் நிலஅளவைப் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலத்தை அளந்துகொண்டே ஏடு, கல்வெட்டு, ஊர்க்கதை, நாணயம் எனத் திரட்டினார். செலவில் பெரும்பகுதி அவர் கைப்பணம். ஊர் ஊராக நடந்து கர்ணங்களையும் கோயிலார்களையும் பேசி இணங்கவைத்தவர்களோ காவலி வெங்கட போரையா, அவர் தம்பி லட்சுமையா, மைசூர் நாட்டுச் சமண அறிஞர் தர்மையா போன்றோர். 1816இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய ஓவியத்தில் சிவப்புச் சட்டையணிந்த மெக்கன்சியுடன் அவருடைய உதவியாளர்களும் நிற்கிறார்கள். எடுத்துக் கொடுத்தவர்களையும் சட்டகத்துக்குள் சேர்த்தது அந்தக் காலத்துக்கு அரிய நேர்மை.

1821இல் மெக்கன்சி இறந்தபோது 1,568 சுவடிகளும் 8,076 கல்வெட்டுப் படிகளும் எஞ்சின. அவர் மனைவியிடமிருந்து கம்பெனி அவற்றை 1 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 1828இல் எச். எச். வில்சன் பட்டியலிட்டார், பின்னர் தொகுப்பு சிதறி ஒரு பகுதி லண்டனிலும், தென்னக மொழிச் சுவடிகளில் பெரும்பாலானவை சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் சேர்ந்தன. பணியைத் தொடர அனுமதி கேட்ட லட்சுமையாவுக்குத் தகுதி போதாது என்று மறுத்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் சுவடி தேடியவரைச் சுவடி படிக்கத் தெரியாதவராக்கியது வரலாற்றின் கொடுமையான நகைச்சுவை. 2017இல் மெக்கன்சியின் சொந்த ஊரான ஸ்டோர்னோவேயில் அவரது சேகரிப்பு கண்காட்சியாக வைக்கப்பட்டது. லண்டன் நிறுவனங்களிலிருந்து பொருள்கள் இரவலாக வந்தன.

எதிர்த்திசைப் போக்குவரத்து மெதுவாகத்தான் தொடங்கியது. பெங்களூரு கண்டோன்மெண்ட்டில் ஸ்காட்லாந்துச் சிப்பாய்களுக்கும் அதிகாரிகளுக்குமான செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் கப்பன் சாலையில் 1866இல் எழுந்தது. 1910இல் தொடங்கிய ஐக்கிய இறையியல் கல்லூரியை நிறுவிய மிஷன்களில் ஸ்காட்லாந்தின் ஐக்கிய சுயாதீனத் திருச்சபையும் ஒன்று. இவை சபைக்கும் மாணவர்க்கும் உரியவை; வீதியில் போகிறவர் உள்ளே நுழைந்து நூல் கேட்கும் இடம் 1915இல்தான் வந்தது. கப்பன் பூங்காவின் அந்தச் சிவப்புக் கட்டடம் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் நினைவாக எழுப்பப்பட்டது. பாலக்காட்டுத் தமிழரான அவர் பெயரைத் தாங்கியதே கர்நாடகத் தலைநகரின் மைய நூலகம்.

ஸ்காட்லாந்து தென்னாட்டு நூலகங்களுக்குத் தந்த பெரிய கொடை புத்தகப் பெட்டியில் வரவில்லை என்பது என் கருத்து. ஸ்காட்லாந்து மிஷனரிகள் வளர்த்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர் எட்வர்ட் பி. ராஸ். அவர் மாணவர் சீர்காழிப் பகுதியைச் சேர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன். வாழ்நாள் முழுதும் ராஸைத் தம் குருவாகப் போற்றிய அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்; நூல் பூட்டிவைப்பதற்கல்ல என்பதை 1931இல் முதல் விதியாக்கினார்; 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். இம்முறை ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்துக் குறியீடுகளால் கோக்கிறது. அதில் கணித ஆசிரியரின் கைவண்ணம் தெரிகிறது.

1956இல் ரங்கநாதன் தம் சேமிப்பு 1 லட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றுக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். மெக்கன்சி தொகுப்புக்குக் கம்பெனி கொடுத்த அதே தொகை. இடைப்பட்ட 130க்கும் மேற்பட்ட ஆண்டுகளில் ரூபாயின் மதிப்பு எவ்வளவோ சரிந்திருந்தது. ஆனால் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போக வேண்டியதில்லை. ஆசிரியராகவும் நூலகராகவும் உழைத்துச் சேர்த்தது. பிறகு பெங்களூரில் குடியேறியவர், 1961இல் இன்னோர் அறக்கட்டளை நிறுவினார். அடுத்த ஆண்டு அவர் முயற்சியால் ஆவணமாக்க ஆராய்ச்சி, பயிற்சி மையம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் அதே நகரில் தொடங்கியது. 1972 செப்டம்பர் 27 அன்று பெங்களூரிலேயே காலமானார். சென்னைப் பேராசிரியர் பதவியிலும் பெங்களூரு அறக்கட்டளையிலும் அவர் பெயர் இரண்டாவதாகத்தான் வருகிறது. முதலில் நிற்பது மனைவி சாரதாவின் பெயர்.