விலகிச் செல்லும் உரிமை: பாத்திரமேற்பு விளையாட்டுகளில் தோழர்களின் வரலாறு

1974ஆம் ஆண்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கிய அவ்விளையாட்டின் முதல் அச்சு 1000 படிகள் மட்டுமே. அதன் விதிநூலில் ஓர் அட்டவணை உண்டு. ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரத்தின் ஆளுமைக் கவர்ச்சி 3 முதல் 18 வரையிலான எண்ணால் அளக்கப்படுகிறது. அவ்வெண்ணைப் பார்த்தால், அவர் எத்தனை பேரைத் தம்முடன் பணிக்கு அமர்த்திக்கொள்ளலாம் என்பதை அட்டவணை சொல்லிவிடும். எண் 3 என்றால் ஒருவர். எண் 18 என்றால் பன்னிருவர். அப்படி அமர்த்தப்பட்டவர்களுக்குத் தனியே ஒரு விசுவாச எண்ணும் உண்டு. ஊதியமும் நடத்தும் விதமும் அதனைக் கூட்டும், குறைக்கும். ஆட்டத்தை நடத்தும் நடுவர் அவ்வப்போது அதனைச் சரிபார்ப்பார். மனம் கசந்தவர் தலைவரைக் கைவிட்டுப் போகலாம்.

இன்று கணினித் திரையில் கோடிக்கணக்கானோர் விரும்பி உரையாடும் 'தோழமைப் பாத்திரங்கள்' இந்தக் கூலியாட்களின் வழித்தோன்றல்களே. அவர்களின் அழகு, கடந்தகாலம், காதல் ஆகியன பற்றி ரசிகர்கள் முடிவின்றி விவாதிக்கின்றனர். அவ்விவாதங்களை ஆய்வுலகம் பெரும்பாலும் பொழுதுபோக்கின் ஓசை என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. தோழமைப் பாத்திரத்தின் ஐம்பதாண்டு வரலாற்றை ஒரே கேள்வியைக் கொண்டு படிக்க இயலும் என்பது இக்கட்டுரையின் வாதம். அக்கேள்வி இதுதான்: ஆட்டக்காரரை விட்டு விலகிச் செல்லும் உரிமை அப்பாத்திரத்துக்கு உண்டா? அவ்வுரிமை சில காலம் மறைந்தது, பின்னர் விரிந்தது, இப்போது மீண்டும் சுருங்கிவருகிறது. மூன்று நிலைகளிலும் ரசிகர்களுக்குப் பங்குண்டு.

மேசையிலிருந்து கணினிக்கு மாறியபோது முதலில் காணாமற்போனவர் நடுவர். விசுவாசத்தை எடைபோட மனிதர் இல்லாத இடத்தில், விசுவாசம் என்னும் கருத்தே தேவையற்றதாயிற்று. 1981இல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் வுட்ஹெட் ஆகியோர் உருவாக்கிய 'விசர்ட்ரி' இதற்குச் சான்று. அதில் ஆட்டக்காரர் தாமே பாத்திரங்களைப் படைத்துப் பெயரிட்டு, கில்கமேஷ் மதுச்சாலையில் அறுவர் கொண்ட குழுவாகச் சேர்த்து நிலவறைக்குள் அழைத்துச் செல்வார். அவ்வறுவரும் பேசுவதில்லை, வாதிடுவதில்லை. சாவார்களே தவிர விலகிச் செல்லமாட்டார்கள். அவர்கள் ஆட்டக்காரரின் ஆறு கைகள், அவ்வளவே.

அடுத்த திருப்பத்தில் இந்தியாவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ரிச்சர்ட் கேரியட் 1983இல் 'ஆரிஜின்' நிறுவனத்தைத் தொடங்கித் தம் மூன்றாம் 'அல்டிமா' விளையாட்டைச் சொந்தமாக வெளியிட்டபோது, ஆட்டக்காரர்களின் கடிதங்கள் நேரடியாக அவர் கைக்கு வந்தன. தீமையை ஒழிக்கப் புறப்பட்ட வீரர்கள் வழியில் ஊரார் பொருளைத் திருடியதையும், அப்பாவிகளைக் கொன்றதையும் அவற்றிலிருந்து அவர் அறிந்தார். வெற்றிக்கு அதுவே எளிய வழியாக இருந்தது. ஆட்டக்காரரின் ஒழுக்கத்தையே கதைப்பொருளாக்கும் ஒரு விளையாட்டை 1985இல் அவர் வெளியிட்டார். நான்காம் அல்டிமாவான அதில் வீழ்த்துவதற்கு ஒரு பெருந்தீயன் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டு அறங்களில் தேர்ந்து 'அவதார்' நிலையை அடைவதே நோக்கம். சொல்லும் கருத்தும் இந்து மரபின் அவதாரக் கொள்கையிலிருந்து பெறப்பட்டவை. சமஸ்கிருதத்தில் 'இறங்கி வருதல்' என்று பொருள்படும் சொல், இங்கு ஒரு மானுடர் ஏறிச்சென்று அடையும் நிலையைக் குறிப்பதாகத் தலைகீழாயிற்று.

அவ்விளையாட்டில் பார்வையற்ற கடைக்காரப் பெண் ஒருத்தி உண்டு. பொருளை எடுத்துக்கொண்டு எவ்வளவு காசு கொடுக்கிறோம் என்பதை நாமே சொல்ல வேண்டும். குறைத்துக் கொடுத்தால் அப்போது எதுவும் நிகழ்வதில்லை. ஆனால் நேர்மைக் கணக்கில் கழிவு விழுந்துவிடும். அறத்தை நினைவில் வைத்திருக்கும் ஒரு கண் விளையாட்டுக்குள் புகுந்தது இவ்வாறுதான். எனினும், எட்டு அறங்களுக்கும் ஒவ்வொருவராக வகுக்கப்பட்டவர்களுள் உடன்வரும் ஏழு தோழர்களும் அக்கண்ணைப் பெறவில்லை. கணக்கை நிரல் வைத்திருந்தது. தோழர்கள் மௌனமாக நடந்தனர்.

தோழர்களுக்கு வாய் கொடுத்தவர்கள் கனடாவின் எட்மன்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனத்தார். 1998இல் வெளிவந்த அவர்களின் 'பால்டர்ஸ் கேட்' 25 தோழர்களைக் கொண்டது. ஆட்டக்காரரின் நற்பெயர் ஓர் எண்ணாக ஏறி இறங்கும். அது மிகவும் தாழ்ந்தால் நல்லோர் விலகுவர். மிகவும் உயர்ந்தால் தீயோர் விலகுவர். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் தோழர்கள் தம்முள் பேசினர், பூசலிட்டனர், காதலித்தனர். அறவீரரான கெல்டார்னையும் 'டிரௌ' குலத்தவளான விகோனியாவையும் ஒரே குழுவில் வைத்திருந்தால், இறுதியில் ஒருவரையொருவர் கொல்ல முனைவர். 1974இன் விசுவாச எண் மறுபிறவி எடுத்தது. இம்முறை அதற்குக் காரணங்களும் இருந்தன.

விகோனியாவின் நிலை இந்திய மாணவர்கள் கூர்ந்து படிக்கத்தக்கது. 'ஃபர்காட்டன் ரியல்ம்ஸ்' என்னும் அக்கற்பனை உலகில் 'டிரௌ' நிலத்தடியில் வாழும் கருநிற இனம். பிறப்பாலேயே தீயோர் என்று கருதப்படுவோர். இரண்டாம் பாகத்தில் ஒரு கும்பல் அவளை உயிரோடு எரிக்க முற்படுகிறது. ஆட்டக்காரர் அவளை மீட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டால் அவருடைய நற்பெயர் குறைகிறது. எரிக்க வந்த கூட்டத்தின் மதிப்பீடே விளையாட்டின் அளவுகோலாகவும் இருக்கிறது! பிறப்பைக் கொண்டு குணத்தை வகுக்கும் சமூகத்தில் 'நற்பெயர்' என்பது யாருடைய கணக்கு என்ற கேள்வியை இதைவிடத் தெளிவாக எழுப்பும் காட்சி அரிது. படைத்தவர்கள் இதனை எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, ரசிகர்கள் இதனை விவாதித்தனர். கற்பனை இனங்களைப் பிறவித் தீயோராகச் சித்திரிப்பது பற்றிய இத்தகைய விவாதங்கள் பல்லாண்டுகள் நீடித்தன. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இன்றைய உரிமையாளரான 'விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்' நிறுவனம், டிரௌ, ஓர்க் ஆகிய இனங்களின் சித்திரிப்பைத் திருத்துவதாக 2020இல் அறிவித்தது. கதைக்களம் என்பது வெறும் பின்திரை அல்ல. எந்தத் தெரிவுக்கு என்ன விலை என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

இடையில், 1999இல், பிளாக் ஐல் நிறுவனத்திலிருந்து வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' இக்கேள்வியை எதிர்த்திசையிலிருந்து அணுகிற்று. கிறிஸ் அவெலோன் தலைமையில் உருவான அவ்விளையாட்டின் நாயகன் பெயரற்றவன், சாவில்லாதவன், பல பிறவிகளின் நினைவை இழந்தவன். அவனுடன் வரும் தக்கான் என்னும் முதியவர் ஒருபோதும் விலகுவதில்லை. அது அன்பென்று ஆட்டக்காரர் முதலில் நம்புவார். பின்னரே உண்மை வெளிப்படுகிறது. நாயகனின் முந்தைய பிறவிகளுள் ஒன்று, நம்பிக்கை தளர்ந்து நின்ற தக்கானுக்கு அவருடைய சமயத்தின் மறைநூலைக் காட்டி ஆறுதல் அளிப்பதுபோல் நடித்து, அவரைத் தன் சாவுவரை தொடர்வதாகச் சூளுரைக்க வைத்தது. சாவில்லாதவனின் சாவுவரை! விலக இயலாத தோழமைக்கு அடிமைத்தனம் என்று பெயர் என்பதைக் கணினி விளையாட்டு வரலாற்றில் இதைப்போல் உணர்த்திய பாத்திரம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

2009இல் பயோவேர் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' தோழர்களின் மனநிலையை −100 முதல் +100 வரையிலான ஒப்புதல் எண்ணாகத் திரையிலேயே காட்டிற்று. பரிசுப்பொருள் கொடுத்து அவ்வெண்ணை உயர்த்தவும் வழி இருந்தது. கொள்கைக்கு மாறாக நடந்துவிட்டு ஒரு பரிசைக் கையில் வைத்தால் கோபம் தணிந்துவிடும். ஆனால் ஒரிடத்தில் அவ்விளையாட்டு இந்த வணிகத்தை மறுத்தது. போர்க்களத்தில் அரசனையும் படைத்துணைவரையும் கைவிட்டுப் பின்வாங்கிய தளபதி லொகெய்ன் இறுதியில் ஆட்டக்காரரிடம் அகப்படுகிறார். அவரைக் கொல்லலாம், அல்லது மன்னித்து, வரவிருக்கும் பெரும்போருக்காகப் படையில் சேர்த்துக்கொள்ளலாம். மன்னித்துச் சேர்த்தால், அக்களத்தில் தம் ஆசானை இழந்த அலிஸ்டர் குழுவை விட்டு வெளியேறுகிறார். ஒப்புதல் எண் 100 ஆக இருந்தாலும் அவரை நிறுத்த இயலாது.

அம்முடிவு பற்றி எழுந்த ரசிகர் விவாதங்கள், என் பார்வையில், அரசியல் அறம் பற்றிய பொதுக் கல்விக்கு நிகரானவை. நாட்டுக்கு ஒரு திறமையான தளபதி தேவைப்படும்போது பழிவாங்கும் உணர்வுக்கு இடமுண்டா? நீதி இல்லாத இணக்கம் நிலைக்குமா? அலிஸ்டரின் விலகல் கொள்கையா, சிறுபிள்ளைத்தனமா? போருக்குப் பிந்தைய மன்னிப்பு பற்றி நம் அரசறிவியல் வகுப்புகளில் எழும் கேள்விகளை, தேர்வு நெருக்கடி ஏதுமின்றி, ஒரு கற்பனைப் பாத்திரத்தின் மீதுள்ள பற்றினால் மட்டுமே மக்கள் விவாதித்தனர். 2011இல் வந்த இரண்டாம் பாகம் 'நட்பு', 'எதிர்நிலை' என இரு அளவுகளை வைத்தது. ஆட்டக்காரரோடு முரண்படும் தோழரும் உடன் நிற்கலாம், அம்முரணுக்கும் மதிப்புண்டு. பரிசுகளால் வாங்கப்படும் இசைவைவிட இது முதிர்ந்த ஏற்பாடு.

2012 மார்ச் மாதத்தில் நிகழ்ந்தது வேறொரு திருப்பம். பயோவேரின் 'மாஸ் எஃபெக்ட்' விண்வெளிக் கதை என்றாலும், அதன் தோழமை முறை இதே மரபினது. மூன்று பாகங்களில் ஆட்டக்காரர் எடுத்த முடிவுகள் அனைத்தையும் சுமந்து வந்த கதை, இறுதியில் ஏறக்குறைய ஒரே மாதிரியான, நிறம் மட்டும் மாறிய மூன்று முடிவுகளில் வந்து நின்றது என ரசிகர்கள் சீற்றமுற்றனர். குழந்தைகளுக்கான அறக்கொடை அமைப்பு ஒன்றுக்குத் தங்கள் எதிர்ப்பின் பெயரால் 80,000 டாலருக்குமேல் திரட்டினர். நிறுவனத்துக்கு மூன்று நிற மேற்பூச்சுடன் சுமார் 400 கப்கேக்குகளை அனுப்பினர். நிறம் எதுவாயினும் சுவை ஒன்றே. அதே ஆண்டு ஜூனில் நிறுவனம் விரிவாக்கிய முடிவைக் கட்டணமின்றி வெளியிட்டது. வாசகர் கடிதங்களுக்கு இணங்கிக் கதைமுடிவை மாற்றிய எழுத்தாளர்கள் இலக்கிய வரலாற்றில் முன்பே உண்டு. எனினும், வெளியான படைப்பு இனி ஒருபோதும் முடிந்த படைப்பாகாது என்பது இந்நிகழ்வுக்குப்பின் உறுதியாயிற்று.

அதன் விளைவை 2023இல் பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' காட்டுகிறது. அதில் மின்தாரா என்னும் பகைத்தலைவி அகதிகள் தஞ்சம் புகுந்த ஒரு தோப்பை அழிக்கத் திட்டமிடுகிறாள். முதலில் வெளிவந்த வடிவத்தின்படி, அவளைத் தோழியாகப் பெற விரும்பும் ஆட்டக்காரர் அப்படுகொலையில் பங்கேற்க வேண்டும். பங்கேற்றால் வில், கார்லாக் என்னும் இரு தோழர்கள் விலகிவிடுவர். விலை கடுமையானது, அதனாலேயே அத்தெரிவு பொருளுள்ளதாயிற்று. ஆனால் அகதிகளையும் காத்து மின்தாராவையும் அடையப் பலர் விரும்பினர். அவளைக் கொல்லாமல் மயக்கமுறச் செய்யும் ஒரு நிரல் ஓட்டையை ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தனர். பின்னர் வந்த திருத்தப்பதிப்பு அவ்வழியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. யாரையும் இழக்காமல் எல்லாரையும் பெறலாம் என்றாயிற்று.

இதனைக் குறையென்று மட்டும் சொல்லிவிட இயலாது. அவளுக்கும் மீட்சி உண்டு என்று வாதிட்டவர்களின் பரிவு உண்மையானது. ஆயினும் அத்தகைய பரிவு பெருகப் பெருக, தோழர் மீண்டும் விசர்ட்ரியின் ஆறு கைகளுள் ஒன்றாகும் ஆபத்து இருக்கிறது. தோழர்களுக்குக் குரலும் கோபமும் வேண்டும் என்று கேட்டுப் பெற்றவர்கள் ரசிகர்கள். அக்கோபம் தங்கள்மீது திரும்பும்போது அதனைத் தணித்துத் தரக் கேட்பவர்களும் அவர்களே. ஒரே ரசிகரிடம் இவ்விரு விழைவுகளும் இருப்பதைப் பழைய விவாதங்களில் பக்கத்துக்குப் பக்கம் காணலாம்.

காணலாம் என்று சொல்வதிலும் ஒரு சிக்கல் உண்டு. பயோவேர் தன் விளையாட்டுகளுக்கென நடத்திவந்த விவாத மன்றத்தை 2016இல் மூடிவிட்டது. மென்பொருள் பாதுகாக்கப்படுகிறது, பழைய விளையாட்டுகள் புதிய கணினிகளில் ஓடும்படி மறுவெளியீடும் காண்கின்றன. ஆனால் அவற்றை மக்கள் எவ்வாறு படித்தனர், எந்த முடிவுக்காகத் தங்களுக்குள் சண்டையிட்டனர், யாரை மன்னித்தனர் என்னும் பதிவுகள் நிறுவனங்களின் செலவுக் கணக்கைச் சார்ந்தே உயிர்வாழ்கின்றன. நூலை மட்டும் வைத்துக்கொண்டு உரைமரபை முழுவதும் தொலைத்துவிட்ட ஒரு இலக்கியத்தை நாம் எவ்வாறு கற்பிப்போம்?

பண்பாட்டு ஆய்வு, ஊடகவியல், தத்துவத் துறைகளில் பயிலும் மாணவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. இவ்விளையாட்டுகளை ஆடுகிறவர் உங்களுள் பலர். எந்தத் தோழர் உங்களை விட்டு விலகினார், அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள், பழைய சேமிப்புக்குத் திரும்பிச் சென்று முடிவை மாற்றினீர்களா, அல்லது இழப்பை ஏற்றுத் தொடர்ந்தீர்களா என்பதை எழுதிவையுங்கள். நண்பர்களையும் நேர்கண்டு பதிவுசெய்யுங்கள். அலிஸ்டரை இழந்தவர் ஒருவரின் சாட்சியம், ஐம்பது ஆண்டுகள் கழித்து வரும் ஆய்வாளருக்கு விளையாட்டின் நிரலைவிட அதிகம் சொல்லக்கூடும்.